கதவின் அகலம்

ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு மதிப்பெண். இதை யாரும் திருத்தப் போவதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை.

குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்து கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது. அவளாவது அங்க நிம்மதியா இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் தயவுசெய்து இதைப் பற்றிக் கேட்டுவிடாதே. போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஞாயிறுதோறும் அம்மா உன்னிடம் "தம்பி நல்லா இருக்கான், ஸ்கூல் போயிட்டு வரான்" என்று சொல்வது பொய். அண்ணாவுக்குப் பதினெட்டு முடிந்ததுமே அவனுடைய சிறப்புப் பள்ளியும் முடிந்துவிட்டது. எட்டு மாதம் ஆகிறது. ஒரு சான்றிதழும் பூங்கொத்தும் கொடுத்து, எல்லாரும் கைதட்டி அனுப்பி வைத்தார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். வேன் வரவில்லை. பதினொரு நாள் அப்படியே போய் நின்றான். பன்னிரண்டாம் நாள் பையைக் கழற்றி அம்மாவின் தலையணைமேல் வைத்தான். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான்.

பெரியவர்களுக்கென்று ஒரு பகல் மையம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வேன் வந்து கூட்டிப் போய், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடும். அங்கே இடம் வேண்டும் என்றால் மதிப்பீடு செய்ய வீட்டுக்கு ஒருவர் வருவார். எழுபது புள்ளிக்கு மேல் வந்தால் இடம். இதில்தான் நாம் கோட்டை விட்டோம். நம் வீட்டைத் தவிர வேறு யாரும் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

மதிப்பீடு என்றதும் அம்மா அதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் பயிற்சி. பெயர், வயது, முகவரி, பட்டன் போடுவது, செருப்பு மாட்டுவது என்று பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, தினமும் காலையும் மாலையும் செய்ய வைத்தாள். புதுச் சட்டை வாங்கினாள். மதிப்பீடு செய்ய வந்த அம்மா பச்சைப் பேனாவால் எழுதினார்கள். அதனால் எனக்கு அவர்கள் பச்சைப் பேனா அம்மாதான். "சட்டை பட்டன் தானாப் போடுவாரா?" என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அம்மா, "ஓ, போடுவானே! போட்டுக் காட்டு கண்ணா" என்றாள். அந்தப் பட்டனை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க அம்மாவுக்கு இரண்டு வருஷம் ஆனது. உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அவன் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பச்சைப் பேனா அம்மா குடித்துவிட்டு, "எங்க வீட்டுப் பையன் தண்ணிகூட எடுத்துக் குடிக்க மாட்டான்" என்றார்கள். அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நம் வீட்டில் பட்டமளிப்பு விழாவே நடந்த மாதிரி இருந்தது.

அந்த அடுப்பில், அந்தப் பாத்திரத்தில், அந்த நீலக் கோப்பையில் மட்டும்தான் அவன் டீ போடுவான் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தக் கோப்பையை நான் உடைத்த அன்று என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. அவன் தெருவைக் கடக்க மாட்டான், இரவில் மூன்று மணிநேரம்தான் தூங்குவான், பயந்தால் தன் மணிக்கட்டையே கடிப்பான் என்பதை எல்லாம் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அவனால் முடியாததற்குத்தான் புள்ளி என்பது முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணாவுக்குக் கிடைத்தது முப்பத்தொரு புள்ளி. "பாஸானதாலதான் தோத்துட்டோம்" என்றார் அப்பா.

முடிவோடு ஒரு கையேடும் அனுப்பியிருந்தார்கள். அட்டையில் ஒரு குடும்பம் புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கிறது. உள்ளே உதவிக்கு ஏழு தொலைபேசி எண்கள். பள்ளி அலுவலகத்தில் கெஞ்சி, இடைவேளைகளில் ஏழையும் கூப்பிட்டேன். "யாருக்குமா இத்தனை போன்? கல்யாணத்துக்கு அழைக்கிறியா?" என்று எழுத்தர் கேலி செய்தார். ஒரு எண் உபயோகத்தில் இல்லை. ஒன்று ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு. ஒன்று காது கேளாதவர்களுக்கு. அதற்கு எதற்குத் தொலைபேசி எண் என்று யாரைக் கேட்பது? ஒன்றில் இருபது நிமிடம் பாட்டு மட்டும் ஓடியது. ஒன்றில், உபயோகத்தில் இல்லாத அந்த முதல் எண்ணிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இன்னொன்றை எடுத்தவர் மேசை நாற்காலி விற்கும் கடைக்காரர். "பாவம், வாரத்துக்கு நாலு பேர் கூப்பிடுறாங்கம்மா. எனக்கே கஷ்டமா இருக்கு. உன் அண்ணனுக்கு என்ன வயசு?" என்று அவர்தான் நின்று விசாரித்தார். ஏழு பேரில் விசாரித்தது அவர் ஒருவர்தான். ஏழாவது எண் பகல் மையம். இடம் இருக்கிறதாம். எழுபது புள்ளியோடு வரச் சொன்னார்கள்.

இப்போது உனக்குத் தெரியாத இன்னொன்று. போன மாதம் தெருவில் ஒரு வண்டியின் டயர் வெடித்தது. அண்ணா ஓடினான். அம்மா அவன் கையை விடவில்லை. அம்மாவின் தோள்மூட்டு இறங்கிவிட்டது. போனில் "வேலை அதிகம், களைப்பா இருக்கு" என்றாளே, அன்றைக்குத்தான். இனி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்க முடியாது என்பதால் மடிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இதுவரை இரவு வேலை, இது பகல் வேலை. அப்பா டைல்ஸ் வேலைக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். அம்மாவின் விடுப்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது. எட்டிலிருந்து நாலு வரை அண்ணாவோடு யார் இருப்பது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "ஒரு வருஷம்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அப்பா போட்டிருக்கும் மேல்முறையீட்டில் இடம் கிடைக்காவிட்டால் நான் பள்ளியை விட்டு நின்றுவிட வேண்டும்.

அதற்கான மறுமதிப்பீடு பதினெட்டாம் தேதி. சிகிச்சை மையத்தில் காத்திருந்தபோது, ஹெல்மெட் போட்ட ஒரு பெண்ணின் அம்மா எங்களிடம், "நல்ல நாளைக் காட்டாதீங்க. கெட்ட நாளைக் காட்டுங்க. அப்பத்தான் கொடுப்பாங்க" என்றார். "கெட்ட நாள் நாம கூப்பிட்டா வருமா?" என்று அப்பா சிரித்தார். பிறகு அண்ணாவின் கையிலிருந்த அளக்கும் டேப்பைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அதே மஞ்சள் டேப்தான் அக்கா. அப்பாவின் வேலைப் பையிலிருந்து அவன் எடுத்துக்கொண்டு, "எங்க வீட்டு இன்ஜினியர்" என்று பெயர் வாங்கினானே, அது. இன்னும் ஒவ்வொரு கதவையும் அளந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். புது இடம் என்றால் நீ முன்னால் ஓடிப் போய் அளந்து எண்ணைக் கத்திச் சொல்வாய், அவன் உடனே நுழைந்துவிடுவான். இப்போது அதை நான் செய்கிறேன். சாப்பிடும்போது மட்டும் டேப்பை நம்பிக் கொடுத்து வைப்பான். அப்போது உன்னிடம். நீ கிளம்பிய அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு எட்டு மாதம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் சாப்பிட்டான். ஒருநாள் தானாகவே என் கையில் வைத்தான். அன்றைக்கு உனக்குப் போனில் சொன்னேனே, நீ அழுதாய்.

அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். "அன்னிக்குக் காலையில அவன் கொடுக்கிறப்ப வாங்கி வெச்சுக்கோ. அவங்க போற வரைக்கும் திருப்பிக் கொடுக்காதே. மத்ததை அவன் பாத்துக்குவான்." அம்மா அடுப்படியிலிருந்து திரும்பவே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. டேப் இல்லாமல் அவன் தன்னை என்ன செய்துகொள்வான் என்று பயம். நான் மாட்டேன் என்றால் அப்பா என்ன சொல்வார் என்று பயம். எல்லாவற்றையும்விட, இது பலிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் அக்கா. அதுதான் பெரிய பயம்.

பதினெட்டுக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. நான் எழுதியதாகச் சொல்லாதே. உன் பேச்சை அவர் தட்ட மாட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரியவள், உனக்குத் தெரியும்.

உன் அன்புத் தங்கை,
குட்டி


வெள்ளி இரவு

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய பார்சல் பதினாறாம் தேதி வந்தது. சத்தம் கேட்காமலிருக்க ஒரு கறுப்புக் காதுமூடி. விலை உயர்ந்ததாகத்தான் தெரிகிறது. அட்டையில், "தைரியமா இரு குட்டி, எல்லாம் சரியாகிடும்" என்று எழுதியிருந்தாய். "திடீர்னு இவளுக்கு என்ன தோணிச்சு?" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். என் கடிதம் உனக்குக் கிடைத்தது என்று அந்தப் பார்சலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டு நீ கடைக்குப் போயிருக்கிறாய்.

அப்பாவின் போன் பதினேழாம் தேதி இரவு வரை அடிக்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

நடந்ததை உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று காலை அண்ணா வழக்கம்போல டேப்பை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். நான் அதைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, கையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா அவனை முன்னறைக்குக் கூப்பிட்டாள். டேப் இல்லாததால் அவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். "ஆரம்பிச்சிடுச்சு" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "எண்பத்தொண்ணு" என்றேன். உடனே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். டேப்பை எடுத்துக்கொண்டவள் நான், எண்ணைச் சொன்னவளும் நான். அப்படியும் அவன் நம்பினான்.

பச்சைப் பேனா அம்மா ஒன்றரை மணிநேரம் தாமதமாக வந்தார்கள். அத்தனை நேரமும் அண்ணா மடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. கடிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை கத்துடா அண்ணா, அந்த நாற்காலியையாவது தள்ளிவிடுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். நான் அப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும்.

இந்தத் தடவை அம்மா உண்மையைச் சொன்னாள். தூக்கம், தெரு, டயர் வெடித்தது, தோள் எல்லாம் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்காரே?" என்றார்கள்.

அப்போதுதான் நான் சொல்லிவிட்டேன். அவன் அமைதியாக இல்லை, அவனுடைய டேப் என் பையில் இருக்கிறது, நான் திருப்பிக் கொடுப்பேன் என்று காலையிலிருந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நாங்கள்தான் வேண்டுமென்றே அப்படிச் செய்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவர்கள் கோபப்படுவார்கள், எங்களைத் திட்டுவார்கள், ஆனால் புரிந்துகொண்டாவது போவார்கள் என்று நினைத்தேன்.

அந்த அம்மா கோபப்படவே இல்லை. என் கன்னத்தைத் தட்டி, "அழாதேம்மா. அப்போ அவருக்குக் காத்திருக்கத் தெரியுது. அது பெரிய விஷயம். நிறையப் பேருக்கு அது வரவே வராது" என்றார்கள். சொல்லிக்கொண்டே படிவத்தைப் புரட்டி, ஒரு கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, டிக் போட்டார்கள். அந்தப் பேனா இன்னும் பச்சைதான்.

அவர்கள் படியிறங்கியதும் டேப்பை அவன் கையில் வைத்தேன். நுனியில் இருக்கும் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அப்பா தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போவதற்குள் சுவரில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தன. அண்ணாவின் நெற்றியில் நாலு தையல். பார்க்க வேண்டியவர்கள் அப்போது பஸ் ஏறியிருப்பார்கள்.

மறுநாள் அப்பா அந்த இரண்டு டைல்ஸையும் பெயர்த்துவிட்டுப் புதிது ஒட்டினார். பூச்சுக் கரண்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "உடையவே உடையாதுன்னு கடைக்காரன் சொல்லித்தான் கொடுத்தான்" என்றார். தாழ்ப்பாளை இன்னும் போடவில்லை. இன்று கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நேற்று முடிவு வந்தது. இருபத்தொன்பது. போன தடவையைவிட இரண்டு குறைவு. "அமைதியானவர். காத்திருக்கும் திறன் உள்ளவர். குடும்பத்தினரின் ஆதரவு சிறப்பாக உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தினரின் ஆதரவு என்று எழுதியிருப்பது என்னைத்தான். கையேட்டின் புதுப் பதிப்பும் வந்திருக்கிறது. அட்டையில் வேறு குடும்பம். இவர்களும் சிரிக்கிறார்கள். உள்ளே எண்களைப் பார்த்தேன். மேசை நாற்காலிக் கடைக்காரர் அப்படியே இருக்கிறார்.

இன்று மாலை அம்மா பள்ளிக்கு வந்து என் வகுப்பாசிரியையிடம் பேசினாள். டீச்சர் ரொம்ப நல்லவர். "வீட்ல இருந்தே படிக்கலாம்மா, இப்பல்லாம் எவ்வளவோ வசதி இருக்கு" என்று சொல்லி, ஒரு தாளில் நாலைந்து இணையதளப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். எனக்குப் பட்டியல்களைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "கொஞ்ச நாள்தான்" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய காதுமூடியை அண்ணா போட்டுக்கொள்வதில்லை. அதன் அகலத்தை அளந்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டான். பதினேழு சென்டிமீட்டர்.

டேப்பை இப்போது என்னிடம் கொடுப்பதில்லை. பழையபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் சாப்பிடுகிறான். அதுகூடப் பரவாயில்லை அக்கா. தையல் பிரிக்கப் போனபோது நான் முன்னால் ஓடி அளந்து, "தொண்ணூறு" என்று கத்தினேன். அவன் வெளியிலேயே நின்றான். என்னைத் தாண்டிப் போய், குனிந்து, தானே அளந்தான். தொண்ணூறுதான். மறுபடியும் அளந்தான். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தான். என் எண்ணை அவன் இனிமேல் நம்ப மாட்டான்.

நீ இல்லாத உன் கட்டிலை மட்டும் தினமும் அளக்கிறான். அது மாறவே இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதற்குக்கூட நேரம் இல்லை. நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி காலையில் தெரிந்தது. நீ டேப்பை மேசைமேல் வைத்துவிட்டாவது போனாய். நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நீ இங்கே வர வேண்டும் என்று கேட்கவில்லை. பணமோ பொருளோ அனுப்பவும் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய். உன் வீட்டு வாசல் கதவின் அகலத்தை அளந்து ஒரு தாளில் எழுதி அனுப்பு. சென்டிமீட்டரில். எண்ணை மட்டும் எழுதினால் போதும். உன் கையால் எழுது. உன் ஏழில் குறுக்கே ஒரு கோடு போடுவாயே, அந்த எழுத்தை அவனுக்கு அடையாளம் தெரியும். நீ அவனிடம் அளவில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. உன் எண்ணை இன்னும் நம்புவான். நான் கூட்டி வந்தாலும் எண் தெரியாத கதவுக்குள் அவன் வர மாட்டான் என்று உனக்கே தெரியும்.

அடுத்த வெள்ளிக்குள் அனுப்பு அக்கா.

உன் தங்கை,
குட்டி